'எழுத்து சரியில்லை' என்றால் எது சரியில்லை? 'டாக்டர் ஹூ' ரசிகர்களின் ஓயாத விவாதம், புதியவர்களுக்காக

1984 மார்ச் மாதம் பிபிசி தொலைக்காட்சியில் 'டாக்டர் ஹூ' தொடரின் இரண்டு கதைகள் அடுத்தடுத்து ஒளிபரப்பாயின. 'த கேவ்ஸ் ஆஃப் ஆண்ட்ரோசானி' 16-ஆம் தேதி முடிந்தது. 22-ஆம் தேதி 'த ட்வின் டிலெமா' தொடங்கிவிட்டது. கால் நூற்றாண்டு கழித்து, 2009-இல், இந்தத் தொடருக்கென்றே வெளிவரும் 'டாக்டர் ஹூ மேகசின்' அதுவரை வந்திருந்த 200 கதைகளுக்கும் மதிப்பெண் போடும்படி வாசகர்களைக் கேட்டது. முதல் இடம் 'ஆண்ட்ரோசானி'க்குக் கிடைத்தது. 200-ஆவது இடம், அதாவது கடைசி இடம், 'ட்வின் டிலெமா'வுக்கு. இரண்டுக்கும் தயாரிப்பாளர் ஒருவரே. வருகிற கதைகளைச் செப்பனிடும் ஸ்கிரிப்ட் எடிட்டரும் ஒருவரே.

அந்தக் காலத்தில் எழுத்து அற்புதமாக இருந்தது, இப்போது குப்பையாகிவிட்டது என்று ரசிகர்கள் காலம் பிரித்துப் பேசும்போதெல்லாம் எனக்கு இந்த மார்ச் மாதம்தான் நினைவுக்கு வருகிறது. ஒரே அலுவலகத்திலிருந்து ஒரு வார இடைவெளியில் உச்சமும் பள்ளமும் வெளிவந்திருக்கின்றன. அப்படியானால் 'எழுத்து' என்று ரசிகர்கள் எதைத்தான் சொல்கிறார்கள்? தொடரை இப்போதுதான் பார்க்கத் தொடங்கியிருப்பவர்களுக்கு இந்தச் சண்டை தலையும் வாலும் புரியாமல் இருக்கும். ஒரே சொல்லைக் குறைந்தது நான்கைந்து வெவ்வேறு குறைகளுக்குப் பயன்படுத்துவதால் வரும் குழப்பம் அது. அவற்றைப் பிரித்துப் பார்த்துவிட்டால் சண்டை பாதி தெளிந்துவிடும். மீதிப் பாதியில் கலந்துகொள்ளத் தோன்றும்.

முதலில் தொடரைப் பற்றிச் சுருக்கமாக. 'டாக்டர் ஹூ' 1963 நவம்பர் 23 அன்று தொடங்கியது. டாக்டர் என்று மட்டுமே அழைக்கப்படும் ஒரு வேற்றுலகவாசி, பழைய லண்டன் போலீஸ் பெட்டியின் (காவல்துறையை அழைக்கத் தெருவில் வைத்திருந்த தொலைபேசிக் கூண்டு) வடிவில் இருக்கும் 'டார்டிஸ்' என்ற வாகனத்தில் காலத்திலும் வெளியிலும் பயணம் செய்கிறார். கூடவே ஒரு துணை, பெரும்பாலும் பூமியைச் சேர்ந்தவர். முதல் டாக்டராக நடித்த வில்லியம் ஹார்ட்னலின் உடல்நிலை மோசமானதும், 1966-இல் டாக்டர் சாகும் தறுவாயில் வேறு உருவம் எடுப்பதாகக் கதையை அமைத்து, பேட்ரிக் ட்ரவ்டனைக் கொண்டுவந்தார்கள். அந்த ஓர் ஏற்பாடுதான் தொடரை இத்தனை காலம் ஓட வைத்தது. 1989-இல் நின்றது, 1996-இல் ஒரே ஒரு தொலைக்காட்சிப் படம், 2005 மார்ச் 26 அன்று புத்துயிர் பெற்றது.

இதற்கு ஒற்றை ஆசிரியர் கிடையாது. நாவல் தொடர் என்றால் ஒருவர் தலையில் உதித்த உலகம் இருக்கும். பிழை வந்தால் அவரைக் கேட்கலாம். 'டாக்டர் ஹூ' பலர் கைமாறி வளர்ந்தது. டாக்டரின் இனத்துக்கு 'டைம் லார்ட்ஸ்' என்ற பெயர் 1969 வரை கிடையாது. உருமாற்றத்துக்கு 'ரீஜெனரேஷன்' என்ற பெயர் 1974-இல்தான் வந்தது. இன்று அடிப்படை விதிகள் என்று ரசிகர்கள் மார்தட்டும் பலவும், அந்தந்த வாரத்துக் கதைக்குத் தேவைப்பட்டதால் யாரோ ஓர் எழுத்தாளர் சேர்த்தவை.

யார் எழுதுகிறார்கள்?

பெயர்ப்பட்டியலில் 'எழுதியவர்' என்று வருகிற பெயரை மட்டும் வைத்துக்கொண்டு புகழவோ திட்டவோ கூடாது. 1963 முதல் 1989 வரை நடைமுறை இப்படி: வெளியிலிருந்து எழுத்தாளர்கள் கதை தருவார்கள். அதைத் தொடருக்கேற்ப வெட்டி ஒட்டி, வேண்டியபோது முழுவதுமாகத் திருப்பி எழுதி, படப்பிடிப்புக்குத் தயாராக்குவது ஸ்கிரிப்ட் எடிட்டரின் வேலை. பணமும் இறுதி முடிவும் தயாரிப்பாளர் கையில். 1979-இல் வந்த 'சிட்டி ஆஃப் டெத்' பட்டியலில் டேவிட் ஆக்ன்யூ என்ற பெயர் இருக்கிறது. அப்படி ஓர் ஆள் இல்லவே இல்லை. டேவிட் ஃபிஷர் கொடுத்த கதையை, அப்போது ஸ்கிரிப்ட் எடிட்டராக இருந்த டக்ளஸ் ஆடம்ஸும் தயாரிப்பாளர் கிரஹாம் வில்லியம்ஸும் ஒரு வார இறுதியில் உட்கார்ந்து மாற்றி எழுதியதற்கு இடப்பட்ட புனைபெயர் அது. அவசர அவசரமாகப் பிறந்த அந்தக் கதையை இன்றும் ரசிகர்கள் கொண்டாடுகிறார்கள்.

2005-க்குப் பிறகு 'ஷோரன்னர்' முறை வந்தது. தலைமை எழுத்தாளரே நிர்வாகத் தயாரிப்பாளராகவும் இருந்து, ஒரு சீசன் எங்கே தொடங்கி எங்கே முடிய வேண்டும் என்பதைத் தீர்மானிப்பார். ரஸ்ஸல் டி. டேவிஸ், 2010 முதல் ஸ்டீவன் மொஃபாட், 2018 முதல் கிறிஸ் சிப்னல், 2023 முதல் மறுபடியும் டேவிஸ் என்று இந்தப் பொறுப்பு கைமாறியது. மற்றவர்கள் கொடுத்த கதைகளில் பலவற்றைத் தாம் பெருமளவு திருத்தி எழுதியதை டேவிஸ் வெளிப்படையாகச் சொல்லியிருக்கிறார்; பட்டியலில் அவர் பெயர் இராது. ஆகவே நீங்கள் ரசித்த ஒரு வசனம் யாருடையது என்று வெளியிலிருந்து சொல்வது கடினம். ஷோரன்னர் பெயரால் காலத்தைப் பிரித்து அடித்துக்கொள்வதில் கொஞ்சம் நியாயம் இருக்கிறது, ஏனென்றால் சீசனின் பெரிய வளைவுகள் அவருடைய முடிவு. ஆனால் ஓர் அத்தியாயத்தின் காட்சிகள் நன்றாக இருப்பதற்கும் இல்லாமல் போவதற்கும் அந்தப் பெயர் மட்டுமே விடை ஆகாது.

இரண்டு கதைகளும் அருகருகே

மேலே சொன்ன 1984 கதைகளைப் பிரித்துப் பார்ப்பது நல்ல பாடம். 'ஆண்ட்ரோசானி'யை எழுதியவர் ராபர்ட் ஹோம்ஸ். தொடரின் ஆகச் சிறந்த எழுத்தாளர் என்று பழைய ரசிகர்கள் பலரும் சொல்லும் பெயர். கதை என்ன? டாக்டரும் பெரி என்ற பெண்ணும் ஒரு கிரகத்தின் குகைக்குள் போகிறார்கள். அங்கே கிடைக்கும் ஒரு பொருளைத் தெரியாமல் தொட்டுவிடுகிறார்கள். அது நஞ்சு. மாற்று மருந்து ஆழத்திலுள்ள குகையில், காற்றே இல்லாத இடத்தில் வாழும் ராணி வௌவாலின் பால். அதே குகைகளைச் சுற்றி ஒரு போர் நடக்கிறது. அதே பொருளைப் பதப்படுத்தினால் ஆயுளை நீட்டிக்கும் மருந்தாகும் என்பதால், மோர்கஸ் என்ற தொழிலதிபர் ஒரு பக்கம் அரசுக்கு வேண்டியவராக நடித்துக்கொண்டு மறுபக்கம் எதிரிக்குத் துப்பாக்கி விற்கிறார்.

இந்தப் போரில் டாக்டருக்கு அக்கறையே இல்லை என்பதுதான் ஹோம்ஸின் சாமர்த்தியம். அவருக்கு வேண்டியது ஒன்றே ஒன்று: தன்னால் இந்த இடத்துக்கு வந்து சேர்ந்த பெண்ணைப் பிழைக்க வைக்க வேண்டும். மற்ற எல்லாரும் பணம், பழி, பதவி என்று திட்டம் போட்டுக்கொண்டிருக்க, இவர் மருந்தைத் தேடி நடுவே ஓடுகிறார். ஓடுகிற ஓட்டத்தில் அத்தனை பேருடைய திட்டமும் குலைகிறது. மூன்றாம் அத்தியாயத்தின் முடிவில், தன்னைக் கைதியாகக் கொண்டுசெல்லும் கடத்தல்காரர்களின் கப்பலை டாக்டர் கைப்பற்றி, கிரகத்தை நோக்கித் திருப்பி, மோதுகிற வேகத்தில் இறக்குகிறார். கதவுக்கு வெளியே துப்பாக்கியோடு மிரட்டுகிறார்கள். எப்படியும் சாகப்போகிறவனை என்ன சொல்லி மிரட்டுவாய் என்கிற தோரணையில் அவர் பதில் சொல்கிறார். அந்தக் காட்சி நெஞ்சை அடைக்க வைப்பதற்கு வசனத்தின் அழகு காரணம் இல்லை. மூன்று அத்தியாயங்களாக ஒரே நோக்கத்தைத் தளராமல் இழுத்துக்கொண்டு வந்ததால் வந்த வலிமை. கடைசியில் கிடைக்கும் மருந்து ஒருவருக்குத்தான் போதும். டாக்டர் அதைப் பெரிக்குக் கொடுத்துவிடுகிறார்.

இப்போது ஆறு நாள் கழித்து வந்த 'ட்வின் டிலெமா'. உருமாறிய புதிய டாக்டர் மனம் நிலைகொள்ளாமல் இருக்கிறார். முதல் அத்தியாயத்திலேயே, தான் உயிர் கொடுத்துக் காப்பாற்றிய அதே பெரியை வேவு பார்ப்பவள் என்று நினைத்துக் கழுத்தை நெரிக்கிறார். கண்ணாடியில் தன் முகத்தைக் கண்டு நிறுத்துகிறார். யோசனை அளவில் இதில் குற்றம் இல்லை என்றே நான் நினைக்கிறேன். உயிரைக் காத்த கையே கழுத்தை நெரிக்கிறது என்பது துணிச்சலான தொடக்கம். ஆனால் அந்தத் துணிச்சலுக்குக் கதை விலை கொடுக்கவே இல்லை. பெரியின் பயம் அடுத்தடுத்த காட்சிகளில் எதையும் மாற்றவில்லை. கணக்கில் மேதைகளான இரட்டைச் சிறுவர்களைக் கடத்தியது யார், நத்தையைப் போன்ற வில்லன் கிரகங்களை நகர்த்தி என்ன செய்யப்போகிறான் என்று கதை வேறு திசையில் போய்விடுகிறது. முடிவில் டாக்டர், உனக்குப் பிடித்தாலும் பிடிக்காவிட்டாலும் நான்தான் டாக்டர் என்கிறார். கழுத்தை நெரித்தவருக்கும் நெரிபட்டவளுக்கும் இடையே பேசித் தீர்க்க வேண்டியது அப்படியே கிடக்கிறது.

செயலுக்குப் பின்விளைவு இருக்கிறதா? ரசிகர்கள் 'எழுத்து' என்று சொல்லும் குறைகளில் முதலாவதும், என் பார்வையில் முக்கியமானதும் இதுதான். பாத்திரம் ஒன்றைச் செய்கிறது என்றால் அதற்கு முன்னால் காரணமும் பின்னால் தழும்பும் இருக்க வேண்டும். இரண்டும் இருந்தால் ரப்பர் அரக்கனையும் அட்டைச் சுவரையும் மன்னித்துவிடலாம்.

நிலா ஒரு முட்டையானால்

இரண்டாவது வகைப் புகார் அறிவியல் பற்றியது. அறிவியல் புனைகதை என்பதால் இது இயல்பாகவே வரும். 2014 அக்டோபர் 4 அன்று வந்த 'கில் த மூன்', பீட்டர் ஹார்னஸ் எழுதியது. 2049-இல் நிலாவின் எடை கூடிவிடுகிறது; பூமியில் கடல்கள் கொந்தளிக்கின்றன. காரணம், நிலா ஒரு முட்டை; உள்ளே குஞ்சு வளர்கிறது. அணுகுண்டு வைத்து அதைக் கொல்வதா, விடுவதா? முடிவில் குஞ்சு பொரிந்து பறக்கிறது, பறக்கும்போதே அதே அளவில் இன்னொரு நிலாவை இட்டுவிட்டுப் போகிறது.

மூடிய முட்டைக்குள் குஞ்சு வளர்ந்தால் முட்டையின் எடை கூடாது. வெளியிலிருந்து ஏதும் உள்ளே போகவில்லையே. பள்ளிக்கூடப் பாடத்திலேயே இடிக்கிற இந்த இடத்தை ரசிகர்கள் விடவே இல்லை. அப்போது பிறந்த உயிர் தன் அளவுக்கே முட்டையிடுவது அதற்குமேல். ஆனால் இதே அத்தியாயத்தின் கடைசிச் சில நிமிடங்களைத் தொடரின் சிறந்த காட்சிகளில் ஒன்றாகச் சொல்பவர்களும் இருக்கிறார்கள், அவர்களில் நானும் ஒருத்தி. முடிவெடுக்க வேண்டிய நேரத்தில் டாக்டர், இது மனிதர்களின் விஷயம் என்று சொல்லிவிட்டு விலகிப் போய்விடுகிறார். எல்லாம் முடிந்தபின் திரும்பி வந்து, நீங்கள் சரியாகத்தான் முடிவெடுப்பீர்கள் என்று தெரியும் என்கிறார். அவருடைய துணையான கிளாரா வெடிக்கிறார். கூட நின்றிருக்க வேண்டியவர் பாடம் நடத்தப் போய்விட்டார் என்ற ஆத்திரத்தில், கண்ணீரோடு, இனி என் முகத்தில் விழிக்காதே என்று அனுப்பிவிடுகிறார். ஜென்னா கோல்மனின் நடிப்பும் அந்த வசனமும் ஒன்றை ஒன்று தூக்கி நிறுத்துகின்றன.

ஆக, இந்த அத்தியாயத்தின் எழுத்து நல்லதா, கெட்டதா என்று கேட்டால் இரண்டு தரப்பும் உண்மையையே சொல்கின்றன, வெவ்வேறு பொருள்களைப் பற்றி. ஒரு தரப்பு கதையின் கருவை எடைபோடுகிறது, இன்னொன்று உறவை. இயற்பியல் பிசகினால் குற்றமில்லை என்று நான் சொல்லவில்லை. நகரும் போலீஸ் பெட்டியை நம்புகிற பார்வையாளர் எதையும் நம்புவார் என்று எழுத்தாளர் நினைத்துவிடக் கூடாது. தெரியாத ஒன்றைக் கற்பனையால் விளக்கினால் ஏற்றுக்கொள்ளலாம். தெரிந்த ஒன்றை, அதிலும் தினமும் வானத்தில் பார்க்கிற ஒன்றை, தவறாகச் சொன்னால் கதை மேலுள்ள பிடிப்பு தளர்ந்துவிடுகிறது. அதனால் அந்த நல்ல சண்டைக் காட்சிக்கு வருவதற்குள் பாதிப் பேர் கதையை விட்டு வெளியேறிவிட்டார்கள்.

முன்கதைச் சண்டை

எல்லாவற்றிலும் சத்தமானது இதுதான். முன்பு சொல்லப்பட்டதைப் புதிய கதை ஒன்று மாற்றிவிட்டால், அல்லது அதற்கு வேறு பொருள் கொடுத்துவிட்டால், அதை ரசிகர்கள் 'ரெட்கான்' என்பார்கள். தொடரில் அதிகாரபூர்வமாக நடந்தவையெல்லாம் சேர்ந்தது 'கேனன்'. பிபிசி இது கேனன், அது இல்லை என்று பட்டியல் போட்டுக் கொடுத்ததில்லை. அதனால் சண்டைக்கு எல்லையும் இல்லை.

2020 மார்ச் 1 அன்று வந்த 'த டைம்லெஸ் சில்ட்ரன்' இதற்குப் பெரிய உதாரணம். டாக்டர் உண்மையில் டைம் லார்ட் இனத்தில் பிறந்தவரே இல்லை; வேறொரு பிரபஞ்சத்திலிருந்து வந்து கண்டெடுக்கப்பட்ட குழந்தை; அந்தக் குழந்தையின் உருமாறும் ஆற்றலைத்தான் டைம் லார்டுகள் எடுத்துக்கொண்டார்கள்; அந்த நினைவுகள் டாக்டரிடமிருந்து அழிக்கப்பட்டுவிட்டன என்று சிப்னல் எழுதினார். ஐம்பது ஆண்டு வரலாற்றைக் குலைத்துவிட்டார் என்று ஒரு கூட்டம் கொதித்தது. டாக்டரைச் சுற்றி மறுபடியும் மர்மத்தைக் கொண்டுவந்துவிட்டார் என்று இன்னொரு கூட்டம் கைதட்டியது.

இதில் கோபப்படுகிறவர்கள் கட்டாயம் தெரிந்துகொள்ள வேண்டிய கதை ஒன்று உண்டு. 1976-இல் ராபர்ட் ஹோம்ஸ் 'த டெட்லி அசாசின்' எழுதினார். ஆமாம், அதே 'ஆண்ட்ரோசானி' ஹோம்ஸ்தான். அதுவரை கடவுள்களைப் போலத் தெரிந்த டைம் லார்டுகளை, பதவிக்கு அடித்துக்கொள்ளும் கிழட்டு அதிகாரிகளாக அவர் காட்டினார். ஒருவர் பன்னிரண்டு முறைதான் உருமாற முடியும் என்ற விதியையும் போகிற போக்கில் சேர்த்தார். அந்த ஆண்டு தொடங்கப்பட்டிருந்த ரசிகர் சங்கத்தின் தலைவரே, 'டாக்டர் ஹூ'வின் மாயத்துக்கு என்ன ஆயிற்று என்று கேட்டுக் கடுமையாக எழுதினார். கேனனைக் கெடுத்த கதை என்று அன்று சொன்னார்கள். பிற்காலத்தில் அதே கதை தொடரின் சிறந்த கதைகளில் ஒன்றானது. அந்தப் பன்னிரண்டு என்ற எண்ணிக்கை கேனனிலேயே கைவைக்க முடியாத தூணாகி, 2013 கிறிஸ்துமஸ் கதையில் மொஃபாட் அதைச் சுற்றிக்கொண்டு போக வழி தேட வேண்டியதாயிற்று.

ஆகவே முன்கதையை மாற்றியது என்பதே ஒரு கதையை மோசமான எழுத்தாக்கிவிடாது. 'த டைம்லெஸ் சில்ட்ரன்' மீது எனக்குக் குறை உண்டு. அது வேறு இடத்தில். இத்தனை பெரிய உண்மை வெளிப்படும்போது டாக்டர் என்ன செய்துகொண்டிருக்கிறார்? ஒரு பொறிக்குள் அசையாமல் நின்று, மாஸ்டர் என்ற எதிரி சொல்லச் சொல்லக் கேட்டுக்கொண்டிருக்கிறார். அவர் தேடவில்லை, துப்புக் கண்டுபிடிக்கவில்லை, எதையும் விலையாகக் கொடுக்கவில்லை. காட்சியாக நடக்க வேண்டியது தகவலாக வந்து சேர்கிறது. 'டெட்லி அசாசின்' கதையிலோ டைம் லார்டுகளின் சீரழிவை யாரும் டாக்டருக்கு உட்கார வைத்துச் சொல்வதில்லை. கொலைப்பழி சுமத்தப்பட்டு, விசாரணைக்கு நின்று, தப்பிக்க முயலும்போது அவரே அதில் இடறி விழுகிறார். இரண்டுமே வரலாற்றை மாற்றிய கதைகள்தான். ஒன்றில் நாம் டாக்டரோடு சேர்ந்து கண்டுபிடிக்கிறோம். மற்றதில் டாக்டரோடு சேர்ந்து சொற்பொழிவு கேட்கிறோம்.

முடிச்சை அவிழ்க்கும் கலை

டேவிஸின் முதல் காலத்தைப் பற்றி எப்போதும் வரும் புகார், சீசன் முடிவில் ஏதோ ஒரு மாயம் வந்து எல்லாவற்றையும் தீர்த்துவிடுகிறது என்பது. 2007 ஜூன் 30 அன்று வந்த 'லாஸ்ட் ஆஃப் த டைம் லார்ட்ஸ்' அதற்குப் பேர்போனது. மாஸ்டர் ஓர் ஆண்டு பூமியை அடக்கி ஆள்கிறான். டாக்டரை முதுமையால் சுருங்கிப்போன சிறு உருவமாக்கிக் கூண்டில் அடைத்திருக்கிறான். டாக்டரின் துணையான மார்த்தா உலகம் முழுவதும் நடந்து, குறித்த நேரத்தில் எல்லாரும் டாக்டரின் பெயரை நினைக்க வேண்டும் என்று சொல்லி வைக்கிறாள். நினைக்கிறார்கள். மாஸ்டர் மக்களை மயக்கப் பயன்படுத்திய செயற்கைக்கோள் வலை அந்த எண்ணங்களைச் சேர்க்க, டாக்டர் ஒளிவீசிக்கொண்டு மிதந்து எழுகிறார்.

கவனமாகப் பார்த்தால் இது திடீரென்று முளைத்த தீர்வு இல்லை. செயற்கைக்கோள் வலை முந்தைய அத்தியாயத்திலேயே வந்துவிட்டது. அப்படியும் ஏன் ஏமாற்றமாக இருக்கிறது? மனதை லேசாக வசியப்படுத்தும் கருவி என்றுதான் நமக்குக் காட்டினார்கள். உடலை இளமையாக்கி, காற்றில் மிதக்கவைக்கும் என்று காட்டவில்லை. ஒரு பொருளை முன்கூட்டியே காட்டிவிட்டால் மட்டும் போதாது, அதன் ஆற்றலின் அளவையும் காட்டியிருக்க வேண்டும். மற்றபடி, ஓராண்டு நாடு நாடாக நடந்து வாய்வார்த்தையால் ஒரு மனிதரைக் காப்பாற்றிய மார்த்தாவின் உழைப்பு எனக்கு மிகவும் பிடிக்கும். அதைக் கண்ணால் காட்டியிருந்தால் அந்த முடிவை யாரும் குறை சொல்லியிருக்க மாட்டார்கள்.

கதை யார் பக்கம்?

அரசியலைத் திணிக்கிறார்கள் என்ற புகாரையும் எழுத்தின் கணக்கில் எழுதுகிறார்கள். இதில் பெரும்பகுதி பழைய தொடரைச் சரியாகப் பார்க்காததால் வருவது. 1970-களிலேயே சுரங்கத் தொழிலாளர் போராட்டமும் சுற்றுச்சூழல் மாசும் இந்தத் தொடரில் கதையாகிவிட்டன. ஆனால் கதை சொல்ல நினைத்த நீதிக்கும், காட்சிகள் சேர்ந்து உண்மையில் சொல்லிவிடும் நீதிக்கும் இடையே விரிசல் விழுவது எழுத்துக் குறைதான்.

2018 நவம்பரில் அடுத்தடுத்த வாரங்களில் வந்த இரண்டு அத்தியாயங்கள் இதைக் காட்டும். பீட் மெக்டைக் எழுதிய 'கெர்ப்ளாம்!' ஒரு மாபெரும் விற்பனை நிறுவனத்தின் கிடங்கில் நடக்கிறது. மனிதர்களுக்கு வேலை ஏறக்குறைய மிச்சமில்லாத காலம். உள்ளே நுழையும்போது, தொழிலாளர்களைக் கண்காணித்துப் பிழியும் நிறுவனம்தான் எதிரி என்று நினைக்கத் தோன்றும். கடைசியில் கொலைத் திட்டம் போட்டவன் இயந்திரமயத்தை எதிர்க்கும் ஓர் இளம் தொழிலாளி என்று தெரியவருகிறது. அமைப்பில் குறையில்லை, அதைப் பயன்படுத்தும் மனிதர்களிடம்தான் குறை என்று டாக்டரே சொல்கிறார். அவனுக்குப் பாடம் புகட்ட, அவன் விரும்பிய அப்பாவிப் பெண்ணை அந்த இயந்திர அமைப்பு கொன்றதைப் பற்றி டாக்டர் அதைக் கண்டித்து ஒரு வார்த்தை பேசவில்லை. எதிர்பாராத திருப்பம் வேண்டும் என்ற ஆசையில் டாக்டரின் குணத்தையே கதை விட்டுக்கொடுத்துவிட்டது.

அதற்கு முந்தைய வாரம், நவம்பர் 11 அன்று, வினய் பட்டேல் எழுதிய 'டீமன்ஸ் ஆஃப் த பஞ்சாப்'. 1947 ஆகஸ்ட், பிரிவினையின் எல்லைக்கோடு விழும் நாள்கள். டாக்டரின் துணை யாஸின் பாட்டி உம்ப்ரீன், பிரேம் என்ற இந்து இளைஞனை மணக்கப்போகிறார். கொலைகாரர்களாகத் தோன்றிய வேற்றுலகவாசிகள், யாருமற்றுச் சாகிறவர்களுக்குச் சாட்சியாக நிற்க வந்தவர்கள். பிரேமின் சாவுக்குக் காரணம் அவனுடைய சொந்தத் தம்பியின் வெறுப்பு. இங்கேயும் டாக்டர் தலையிடவில்லை. தலையிட்டால் யாஸே பிறக்க மாட்டாள். சிப்னல் காலத்து டாக்டர் வெறுமனே பார்த்துக்கொண்டு நிற்கிறார் என்பது வழக்கமான குற்றச்சாட்டு. இந்தக் கதையில் பார்த்துக்கொண்டு நிற்பதே மையமான துயரம். அதற்குக் காரணம் கதைக்குள்ளேயே கட்டப்பட்டிருக்கிறது. 'கெர்ப்ளாம்!' கதையில் அது கட்டப்படவில்லை. ஒரே சீசன், ஒரே ஷோரன்னர்.

குறை சொன்னவர் எழுத வந்தபோது

1986 டிசம்பரில், பிபிசியின் 'ஓப்பன் ஏர்' என்ற பகல்நேர நிகழ்ச்சியில் 'டாக்டர் ஹூ' ரசிகர்கள் சிலரை அழைத்துப் பேசவைத்தார்கள். அவர்களில் ஒரு பதினாறு வயதுப் பையன், அப்போதுதான் முடிந்திருந்த சீசனின் கடைசிக் கதை வழக்கமான தேய்ந்த சரக்கு என்றும், இன்னும் நன்றாக எழுதியிருக்கலாம் என்றும், அதை எழுதிய பிப் பேக்கர், ஜேன் பேக்கர் தம்பதியிடமே சொன்னான். அந்தப் பையன் கிறிஸ் சிப்னல். 2018-இல் தொடரின் பொறுப்பு அவர் கைக்கு வந்தபோது, இதே குற்றச்சாட்டுகள் அவர் மீதும் விழுந்தன. இதைச் சொல்லி அவரைக் கேலி செய்கிறவர்கள் உண்டு. எனக்கு அதில் சேர விருப்பமில்லை. அந்தப் பையன் சொன்னது தவறும் இல்லை. அந்தக் கடைசி அத்தியாயம் உண்மையிலேயே குழப்பமானது.

ஆனால் அது ஏன் அப்படி வந்தது என்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். அந்த சீசன் முழுவதும் பதினான்கு அத்தியாயங்களில் ஓடிய ஒரே நீண்ட கதை; அதன் இறுதியை எழுத ஒப்புக்கொண்டிருந்தவர் ராபர்ட் ஹோம்ஸ். பாதியில், 1986 மே மாதம், அவர் இறந்துவிட்டார். ஸ்கிரிப்ட் எடிட்டர் எரிக் சாவர்ட் கடைசி அத்தியாயத்தைத் தாமே எழுதினார். முடிவை ஊசலாட விடக் கூடாது என்று தயாரிப்பாளர் ஜான் நேதன்-டர்னர் சொல்ல, இருவருக்கும் தகராறு முற்றிப்போய், சாவர்ட் விலகிக்கொண்டு தாம் எழுதியதையும் திரும்பப் பெற்றுக்கொண்டார். அவசரத்துக்கு அழைக்கப்பட்ட பேக்கர் தம்பதியிடம், பழைய பிரதியில் என்ன முடிவு இருந்தது என்றுகூடச் சொல்ல முடியவில்லை. பதிப்புரிமைச் சிக்கல் வரும் என்ற பயம். பதின்மூன்றாவது அத்தியாயத்தை மட்டும் படித்துவிட்டு, யார் எதற்காக என்ன செய்தார்கள் என்பதை ஊகித்து, சில நாள்களில் முடிவை எழுதிக் கொடுத்தார்கள்.

படைப்பாக அதை மதிப்பிடும்போது இந்தச் சூழ்நிலை மதிப்பெண்ணைக் கூட்டாது. திரையில் வருவதைத்தான் பார்வையாளர் பார்க்கிறார். எழுதியவர்களுக்குத் திறமையே இல்லை என்று தீர்ப்புச் சொல்லும் இடத்தில்தான் இது தேவைப்படுகிறது. நீண்ட தொடர்களில் படப்பிடிப்புத் தேதி யாருக்காகவும் காத்திருக்காது. பல மோசமான முடிவுகளுக்கும், 'சிட்டி ஆஃப் டெத்' போன்ற சில அற்புதங்களுக்கும் அதுவே காரணம்.

இனி நீங்களே

இத்தனையும் படித்தபின் ஏதாவது ஒன்றைப் பார்க்கத் தோன்றினால், 2024 மே 25 அன்று வந்த டேவிஸின் '73 யார்ட்ஸ்' அத்தியாயத்தைப் பாருங்கள். முன்கதை எதுவும் பெரிதாகத் தெரிந்திருக்க வேண்டாம். ரூபி என்ற இளம்பெண் எங்கே போனாலும் 73 கஜ தூரத்தில் ஒரு மூதாட்டி நிற்கிறார். யாராவது அருகில் போய் அவரிடம் பேசினால், அடுத்த கணம் ரூபியைப் பார்த்து அரண்டு ஓடுகிறார்கள். ரூபியை வளர்த்த தாயும் அப்படியே கதவை அடைத்துக்கொள்கிறார். மூதாட்டி என்னதான் சொல்கிறார் என்று கடைசி வரை சொல்லப்படவில்லை.

விளக்கம் இல்லாதது சோம்பேறித்தனம் என்று ஒரு தரப்பும், விளக்கியிருந்தால் கதை செத்திருக்கும் என்று மறு தரப்பும் இன்னும் வாதாடுகின்றன. நான் இரண்டாவது தரப்பு. ரூபிக்கு இருக்கிற ஒரே பயம், பெற்றவள் விட்டுப் போனதைப் போல எல்லாரும் தன்னை விட்டுப் போய்விடுவார்கள் என்பது. அந்த மூதாட்டி சொல்வது எதுவாக இருந்தாலும், நடப்பது அந்தப் பயம்தான். பிறகு அதே தூரத்தை அளந்து கணக்கிட்டு, நாட்டையே அழிக்கக்கூடிய ஓர் அரசியல்வாதியை விரட்ட அவள் பயன்படுத்துகிறாள். விதியைச் சொல்லிவிட்டார்கள், கடைசி வரை அதை மீறவில்லை, பாத்திரம் அதைக் கற்றுக்கொண்டு தன் கையில் எடுக்கிறது. காரணத்தை மட்டும் மறைத்துக்கொண்டார்கள். இறுதியில் அந்த மூதாட்டி யார் என்று தெரியவரும் இடம் எனக்கே முழுவதுமாகப் பொருந்தவில்லை; காலம் பின்னோக்கிச் சுழன்று எல்லாம் அழிந்துவிடுவதால், அவள் வாழ்ந்த தனிமையான ஆண்டுகளுக்குக் கணக்கே இல்லாமல் போகிறது. அந்த இடத்தில் முதல் தரப்பின் வாதத்துக்கு வலு இருக்கிறது.